இரண்டு தடவை போட்ட கோடு

பிள்ளைகளா, கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளிவாசலைக் காட்டி, "இது எங்கப்பா டைல்ஸ் போட்டது" என்று கூட வருகிறவர்களிடம் சொல்கிறீர்கள். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அங்கே நான் இரண்டு தடவை போட்டேன். அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நாம் அந்த மதத்துக்காரர்கள் இல்லை. வேலைக்குப் போனபோதுதான் எனக்கும் விவரம் தெரிந்தது. பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்கிற முத்தவல்லி பாய் டயர் கடை வைத்திருப்பவர். அவர் அப்பா காலத்தில் அது தகரக் கொட்டகை. கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் சூரியன் இறங்குகிற பக்கம் பார்த்து நின்று தொழுதார்கள். பிறகு சுவர் எழுப்பியபோதும் நேர் மேற்கு பார்த்தே கட்டிவிட்டார்கள். மக்கா இங்கிருந்து மேற்கில் கொஞ்சம் வடக்கே தள்ளி இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்ததாம். சுவரைத் திருப்ப முடியாது. அதனால் ஆட்கள் வரிசையாக நிற்கிற கோட்டை மட்டும் தரையில் சாய்வாகப் போட வேண்டும். வெள்ளை டைல்ஸுக்கு நடுவே கறுப்புக் கல் பட்டை.

கோடு அடிக்கிற அன்று, பக்கத்து ஊரில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்தை அழைத்துவந்து திசையைக் காட்டச் சொல்லலாம் என்றார் பாய். நான்தான் வேண்டாம் என்றேன். போனில் திசைகாட்டி இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனிதன் மாதிரி சொன்னேன். போனைத் தரையில் வைத்துப் பார்த்து, நூலில் சாயப்பொடி தடவி அடித்தேன். மாடி கட்ட வாங்கிய கம்பிக்கட்டு பக்கத்திலேயே சுவரோரம் கிடந்தது. அதன்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டுதான் குனிந்து பார்த்தேன்.

அந்தக் கோட்டிலேயே கல் பதித்து முடித்து மூன்று வெள்ளிக்கிழமை போனது. கவரைப்பேட்டையில் டீ குடிக்கும்போது, கூட வேலை செய்கிறவரிடம் அந்தத் திசைகாட்டியைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். கம்பி ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. முள் லாரிப் பக்கம் திரும்பியது. லாரி கிளம்பியதும் பழைய இடத்துக்கே வந்தது. மீதி டீயை நான் குடிக்கவில்லை.

அதற்கப்புறம் நான்கு நாள் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வேலை செய்த வீட்டில் அடிக்கடி வெளியே வந்து போனைப் பார்த்தேன். யார் போன் பண்ணப் போகிறார்கள் என்று அந்த வீட்டுக்காரம்மா கேட்டார். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் கை கால் கழுவி, நம்பி வந்து நிற்கிற அத்தனை பேரையும் நான் வேறு எங்கோ பார்க்க வைத்திருக்கிறேன். கடைசியில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"அதுக்கு இன்னாத்துக்கு ஊட்டுக்கும் வாசலுக்கும் நடந்துக்கினே இருக்கே? போய் சொல்லிட்டு வா" என்றாள்.

டயர் கடையிலேயே போய்ச் சொன்னேன். பாய் கையிலிருந்த லீவரைக் கீழே வைத்தார்.

"கம்பி உருக்குற ஊர்ல இருந்துக்கினு, இரும்பு முள்ள இழுக்கும்னு ஒருத்தனுக்கும் தோணல பாரு. நீ ஒரு மேஸ்திரி, நான் ஒரு முத்தவல்லி." அவர் சிரிக்கவில்லை. "ஹஜ்ரத்த கூப்டறேன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க பாய். இந்த மூணு வாரமா தொழுதது வீணாப் போச்சா?"

எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நபிகள் காலத்திலேயே முதலில் ஜெருசலேம் பக்கம் பார்த்துத்தான் தொழுதார்களாம். மக்கா பக்கம் திரும்பச் சொல்லி உத்தரவு வந்ததும், தொழுதுகொண்டிருந்தவர்கள் பாதியிலேயே, நின்ற இடத்திலேயே திரும்பினார்களாம்.

"தெரியாம நின்னது வீணாப் போவாது மேஸ்திரி. தெரிஞ்சப்புறமும் அப்படியே நின்னாத்தான் தப்பு. நாளைக்கே பேத்துடு."

பேர்த்தேன். கம்பிகளை எல்லாரும் சேர்ந்து ரோட்டோரம் தூக்கிப் போட்டார்கள். இந்தத் தடவை ஹஜ்ரத் வந்து பார்த்துச் சொன்ன பிறகே நூல் அடித்தேன். வரிசை முழுவதும் புதுக்கல்.

வேலை முடிந்த மறுநாள் காலை, யாரும் இல்லாத நேரத்தில் தனியாகப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். சாவிக்கொத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். பல வருஷமாகக் கையில் கிடக்கிற இரும்புக் காப்பு குழாய்த் தண்ணீர் விட்டபிறகுதான் கழன்றது. அதையும் வைத்துவிட்டு உள்ளே போய், போனைக் கோட்டின்மேல் வைத்துக் குனிந்தேன்.