பனிக்கட்டிக்கு மேல் விரித்த பச்சைக் கம்பளம்

போன வெள்ளிக்கிழமை காலை, வாசலில் கிடந்த மகளுடைய விளையாட்டுப் பையைத் தள்ளி வைக்கப் போனவள், என்ன நினைத்தேனோ, அதன் ஸிப்பைத் திறந்துவிட்டேன். உள்ளே அடைபட்டுக் கிடந்த மணம் முகத்தில் அடித்தது. பழைய வியர்வை, காயாத சப்பாத்து, எல்லாவற்றுக்கும் மேலே இறப்பர். செயற்கைப் புல்லுக்குள் தூவியிருக்கும் அந்தக் கரிய குறுணியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பந்தடிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் சோற்றுப்பானையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அது கிடக்கும். இந்த அஜக்ஸ் நகருக்குக் குடிவந்த நாளிலிருந்து கூட்டிக்கொண்டேயிருக்கிறேன். முடிந்தபாடில்லை.

அந்தப் பை சில கிழமைகளாகத் திறக்கப்படாமல் கிடந்தது. என் மகள் ஷரோன் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். ஒஷாவாவில் நடந்த உள்ளரங்க உதைபந்தாட்டமொன்றில் களத்தைச் சுற்றி நிற்கும் பக்கப் பலகையில் தலை மோதி விழுந்தாள். மூளையில் அதிர்ச்சி என்றார்கள். கை முறிந்தால் படம் எடுத்து, இதோ இந்த இடத்தில்தான் என்று விரலால் தொட்டுக் காட்டுவார்கள். இதில் தொட்டுக் காட்ட ஒன்றுமில்லை. தலையிடி முற்றாக நின்ற பிறகுதான் திரும்ப விளையாடலாம் என்பது டொக்டரின் சொல். நின்றுவிட்டதா என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும். நின்றுவிட்டது என்று அவள் சொன்னாள். மறுநாள் சனிக்கிழமை, அடுத்த பருவத்துக்கு அணியில் ஆட்களைத் தெரிவு செய்யும் நாள்.

"விடுமப்பா. பிள்ளைதானே சொல்லுறாள் சுகமெண்டு. நீர்தான் சும்மா பயந்து அவளையும் பயப்படுத்துறீர்," என்றார் என் கணவர்.

பயப்படுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பிள்ளை குளிக்கப் போய்ச் சற்றுத் தாமதித்தாலும் கதவைத் தட்டுகிறவள் நான். ஆனால் இந்தப் பயத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. அது ஒரு கழகத்தின் வரலாறு. கடைசிவரை ஒழுங்காக நிலைத்து நிற்காத ஒரு உள்ளரங்க உதைபந்தாட்டக் கழகம்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ரெக்ஸ்டேலில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட விஞ்ஞானப் பட்டப்படிப்போடு வந்தவள், இங்கே முதன்முதலில் முழுதாகக் கற்றுக்கொண்டது சோளப்பொரி பொரிப்பதைத்தான். பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு பெரிய ஐஸ் ஹொக்கி மண்டபம் இருந்தது. அதன் கன்ரீனில் வார இறுதி வேலை. வேலை எடுத்துத் தந்தவர் எங்கள் மாடியில் இருந்த பெனடிக்ற் அண்ணை. குருநகர்க்காரர். இளமையில் ஊர்க் கழகத்துக்கு முன்னணியில் விளையாடியவர். அந்தக் கால ஆட்டத்தைப் பற்றி, அடித்த கோலைப் பற்றித் தொடங்கினால் பஸ் மூன்று தரிப்பிடம் தாண்டிப் போனாலும் இறங்கமாட்டார்.

அந்த மண்டபத்தைப் பனிக்காலத்து ஞாயிறுகளில் ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் வாடகைக்கு எடுத்தது. ஐஸை உருக்க முடியாது, மறுநாள் ஹொக்கிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஆகவே ஐஸுக்கு மேலே பலகைகளை அடுக்கி, அதற்கு மேலே பச்சைக் கம்பளத்தைச் சுருள் சுருளாக உருட்டி விரித்து, பொருத்துகளை ஒட்டுவார்கள். பெனடிக்ற் அண்ணை அந்தக் கம்பள வேலைக்காரரில் ஒருவர். முழங்காலில் இருந்து இருந்து அவருடைய காற்சட்டை அந்த இடத்தில் மட்டும் வெளுத்திருக்கும்.

"ஐசுக்கு மேல பாய் விரிக்கிறம் பிள்ளை. ஆற்றை கலியாணமோ தெரியாது," என்பார்.

அந்தக் கம்பளத்துக்கும் ஒரு மணம் இருந்தது. இறப்பர் அல்ல, பசையும் நனைந்த சாக்கும் கலந்த மணம். கீழிருந்து குளிர் ஏறும். நான் இரண்டு சுவெற்றருக்கு மேலே கழகத்தின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அடைத்துவைத்த தலையணை மாதிரி நின்று கோப்பி ஊற்றுவேன்.

வேலை முடிந்த கையோடு அண்ணை கோல் கம்பத்துக்குப் பின்னால் உள்ள கதிரை வரிசைக்குப் போய்விடுவார். வேலையாட்களுக்கு அனுமதி இலவசம். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். குருநகர், பாசையூர், மன்னார் ஆட்கள். ஞாயிறு பூசை முடித்து, கோயிலுக்குப் போட்ட உடுப்போடேயே வந்து இருப்பார்கள். அந்தப் பகுதி முழுவதும் தமிழ்தான்.

முதல் நாள் நடந்த கூத்தை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும். உள்ளரங்க ஆட்டத்தில் பந்து பக்கப் பலகையில் பட்டால் ஆட்டம் நிற்காது. பட்டுத் தெறித்த பந்தையே எடுத்து ஓடுவார்கள். எங்கள் ஆட்களுக்கு அது தெரியாது. பலகையில் பந்து பட்டபோதெல்லாம் எல்லோரும் எழும்பி நின்று கத்தினார்கள்.

"அவுட்! அவுட்டெல்லோ! உந்த றெஃப்ரிக்குக் கண் பொட்டையோ?"

"அண்ணை, இதில அவுட் இல்லையாம்," என்று நான் போய்ச் சொன்னேன்.

"அவுட் இல்லாத புட்போலோ? அப்ப இது வளவுக்குள்ள கோழி கலைக்கிறது, பிள்ளை."

இரண்டாவது மாதத்தில் அவர்கள்தான் அந்த ஆட்டத்தின் பண்டிதர்கள். முரட்டு ஆட்டம் ஆடியவருக்கு நீல அட்டை காட்டி இரண்டு நிமிடம் கண்ணாடிக் கூண்டுக்குள் இருத்துவார்கள். எங்கள் பகுதியில் அதற்குப் பெயர் மறியல், அதாவது சிறை. "மறியலால வாறான், இனிப் பாருங்கோ விளையாட்டை!" என்று கையைத் தேய்ப்பார்கள்.

கன்ரீனிலிருந்து எனக்கு ஒரு கோல் பக்கம் மட்டும்தான் தெரியும். மற்றப் பாதியை அண்ணையின் தொண்டையைக் கொண்டுதான் அறிந்தேன். ஆகவே நான் சொல்லும் வரலாறு அரைவாசி வரலாறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அரைவாசியில் நிரந்தரமாக நின்றவன் மார்லன். ட்ரினிடாட்டிலிருந்து வந்த உயரமான பின்னணி வீரன். எங்கள் ஆட்கள் அவனுக்கு மதில் என்று பெயர் வைத்திருந்தார்கள். தொழில்முறைக் கழகம் என்று பெயரே தவிர, கிழமை நாட்களில் அவன் ஒரு பண்டகசாலையில் பெட்டி தூக்கினான். ஆட்டம் முடிந்ததும் கன்ரீனுக்கு வந்து தேநீர் கேட்பான். அந்த மண்டபத்தில் கோப்பி கேட்காமல் தேநீர் கேட்டவர்கள் அவனும் எங்கள் ஆட்களும்தான். நாலு சீனி. நான் கண்ணை விரித்தால், "தீவுக்காரன் அல்லவா," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பான். எங்கள் அம்மாவின் பக்கமும் தீவுதான் என்று நான் சொன்னதிலிருந்து என்னை 'கஸின்' என்று கூப்பிட்டான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கண்ணாடிக்கு மேலால் கதிரைப் பக்கம் விழுகிற பந்து, பிடித்தவருக்குச் சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். எங்கள் ஆட்களுக்கு அது மட்டும் கடைசிவரை மனதுக்குள் ஏறவில்லை. ஊர் முழுவதற்கும் ஒரே பந்து என்று விளையாடி வளர்ந்தவர்கள். வேலிக்கு வெளியே போன பந்தைத் திருப்பி எறிவது அவர்களுக்கு யோசித்துச் செய்கிற காரியமல்ல, கை தானாகச் செய்வது.

"ஆற்றையோ பந்தை வீட்ட கொண்டு போறதோ? விசரே?" என்பார் அண்ணை. பந்து வந்து விழுந்த கையோடு கண்ணாடிக்கு மேலால் திரும்பிப் போகும். மற்றப் பகுதிகளில் சிரிப்பார்கள். சிலர் கைதட்டுவார்கள்.

இரண்டாவது பனிக்காலம் ஒரு ஞாயிறு. பந்து எங்கள் பகுதிக்குள் வந்து கதிரைகளுக்கு அடியில் உருண்டுவிட்டது. நடுவர் வேறு பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடக்கிவிட்டார். அதைக் கவனிக்காமல், குனிந்து தேடியெடுத்த பழைய பந்தை அண்ணை வழக்கம்போல உள்ளே எறிந்தார். களத்தில் இரண்டு பந்து. மார்லன் திரும்பி ஓடி வந்தவன், மேலிருந்து விழுந்த பந்தைப் பார்த்து ஒரு கணம் தயங்கினான். மற்றப் பந்தைத் துரத்தி வந்த எதிரணிக்காரன் அவன் மீது மோத, மார்லனின் தலை பலகையின் விளிம்பில் அடித்தது. என் பாதியில்தான் நடந்தது. சத்தம் கன்ரீன்வரை கேட்டது.

கொஞ்ச நேரம் கிடந்தான். கழகத்தின் உதவியாளர் ஓடிப்போய் மூக்கருகே எதையோ பிடித்தார், விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். மார்லன் எழும்பினான். "ஐ'ம் ஃபைன்," என்று கையை உயர்த்தினான். மண்டபமே எழுந்து நின்றது. கடைசிவரை விளையாடினான்.

ஆட்டம் முடிந்து வந்து தேநீர் கேட்டான். நாலு சீனி போட்டுக் கொடுத்தேன். ஓரமாக நின்று குடித்தான். வெறும் கோப்பையை எறிந்துவிட்டுத் திரும்பி வந்து, "கஸின், ஒரு தேநீர், நாலு சீனி," என்றான். முகத்தில் பகிடி இல்லை. அப்போதுதான் வந்தவனைப் போல நின்றான். நான் பகிடி என்றே எடுத்துக்கொண்டு இன்னொன்று ஊற்றினேன். அந்தக் காலத்தில் யாருக்கு என்ன தெரியும்?

அதற்குப் பிறகு அவன் விளையாடவில்லை. தலை சுற்றுகிறதாம் என்றார்கள், வெளிச்சம் ஒத்துவரவில்லையாம் என்றார்கள். பிறகு அதுவும் கேட்கவில்லை. பெனடிக்ற் அண்ணை அதே கதிரையில்தான் இருந்தார். ஆனால் பந்து பக்கத்தில் வந்து விழுந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். யாராவது சின்னப்பிள்ளைகள் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

கழகமும் அதிக நாள் தாங்கவில்லை. முதலாளி மாறினார், பெயர் மாறியது, நீல உடுப்பு செம்மஞ்சளானது. மிஞ்சிய காகிதக் கோப்பைகளை வீணாக்க வேண்டாமென்று ஒரு பனிக்காலம் முழுவதும் பழைய பெயர் போட்ட கோப்பையில் புதிய கழகத்துக்குக் கோப்பி ஊற்றினேன். அடுத்த இலையுதிர் காலத்தில் அண்ணை மாடிப்படியில் என்னைக் கண்டு, "இந்த முறை கம்பளம் வரேல்லைப் பிள்ளை," என்றார். அவ்வளவுதான் அறிவித்தல். கம்பளத்தை எல்லைக்கு அப்பால் யாரோ வாங்கிவிட்டதாகக் கேள்வி. மண்டபத்தை இடித்து, இப்போது அங்கே பாரவண்டிகள் நிறுத்துகிறார்கள். பெனடிக்ற் அண்ணையும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒஷாவாவில் ஷரோன் விழுந்த அன்றும் எழும்பிக் கையை உயர்த்தினாள். பெற்றோர் கைதட்டினார்கள். வீட்டுக்கு வரும் வழியில், நெடுஞ்சாலையில், "அம்மா, ஹூ வன்?" என்று கேட்டாள். உங்கள் அணிதான் வென்றது என்றேன். சற்றுத் தூரம் போனதும் அதே குரலில், அதே ஆவலோடு, "அம்மா, ஹூ வன்?" என்றாள். அடுத்த வெளிவழியில் காரைத் திருப்பி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை அவள் உடுத்து, சப்பாத்துப் போட்டு, குசினியில் நின்று பாணைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெயில் வந்தது. திரும்பிப் பார்க்காமலே மற்றக் கையால் யன்னல் மறைப்பை இழுத்து மூடினாள்.

"பிள்ளை, தலை இடிக்குதோ?"

"நோ."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

"ஓ மை கோட், அம்மா. ஐ'ம் ஃபைன். அப்பா, போவமா?"

கணவர் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் அவளுக்கு மார்லனைச் சொன்னேன். இரண்டு பந்தையும் இரண்டு தேநீரையும் சொன்னேன். புத்தி சொல்லவில்லை.

"தற்ஸ் நொட் மீ," என்றாள். பிறகு, "அவர் இப்ப ஓகேயா?"

நல்லாக இருக்கிறான் என்றால் காரில் ஏறிவிடுவாள். செத்துப்போனான் என்றால் பயந்து நின்றுவிடுவாள்.

"தெரியாது பிள்ளை. ஒருத்தரும் அவனைத் தேடிப் போய்க் கேக்கேல்லை."

அவள் கதிரையை இழுத்து இருந்தாள். பாணைக் கீழே வைத்தாள்.

"படி இறங்கேக்க இடிக்குது. லைற் பட்டாலும்."

"எப்ப தொடங்கினது திரும்ப?"

"திரும்ப இல்லை அம்மா. இற் நெவர் ஸ்டொப்ட். நிக்கவே இல்லை."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொன்னா என்ர இடத்தை வேற ஆளுக்குக் குடுத்திடுவினம்."

கொடுத்துவிட்டார்கள். கணவர் முற்றத்தில் நின்று பயிற்றுநரிடம் அவள் வரமாட்டாள் என்று தொலைபேசியில் சொன்னதை யன்னலால் பார்த்தேன். என்னைப் பயந்தவள் என்று சொன்ன மனிதர், பேசி முடிந்த பிறகும் உள்ளே வராமல் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

ஷரோன் சப்பாத்தோடேயே கட்டிலில் படுத்துவிட்டாள். நான்தான் கழற்றினேன். அவளுக்கு ஆறு வயதில் தொடங்கிய வேலை இது. இருட்டோடு எழும்பி, அவளைத் தூக்கத்திலேயே காரில் ஏற்றி, எத்தனை ஊர், எத்தனை மண்டபம்! ஒரு சனிக்கிழமையாவது வீட்டில் கிடக்க விடமாட்டாளா என்று புறுபுறுத்தபடியே ஓட்டியிருக்கிறேன். அன்று அறையின் திரையை இழுத்துவிட்டு, கட்டில் காலோடு சாய்ந்து நிலத்தில் இருந்தேன். எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

கொஞ்சம் கழிய, கண்ணைத் திறக்காமலே அவள் கேட்டாள். "அம்மா, போகாதேங்கோ, என்ன?"

"போகேல்லை," என்றேன்.