அவள் மணிக்கட்டுக்கு ஒரு கயிறு

என் மகளின் அறைக்கதவைக் குத்தித்தான் வலது கையை உடைத்துக்கொண்டேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள், பதின்மூன்று வயதுப் பெண். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முதல் குத்தில் பலகை உள்ளே போனது. இரண்டாவது குத்து நிலைச்சட்டத்தில் விழுந்தது, சுண்டுவிரல் முட்டி படக்கென்றது. வலி தெரிவதற்குள் மூன்றாவதையும் குத்திவிட்டேன், அவ்வளவு பெரிய முட்டாள் நான். உள்ளே அவள் அலறியது சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி பிளாக் முழுக்கக் கேட்டிருக்கும்.

கட்டுமானத் தளத்தில் நான் சூப்பர்வைசர். நான் கத்தினால்தான் வேலை நடக்கும் என்று பல வருஷமாக நம்பியவன். அந்தக் கத்தலை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்தேன். சாப்பாட்டுத் தட்டை எறிந்திருக்கிறேன், ஃபேனை எட்டி உதைத்திருக்கிறேன். ஆனால் பிள்ளையை ஒரு அடி அடித்ததில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசுவேன். கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்ததை நான் அடி என்றே நினைத்ததில்லை.

மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், விரலுக்கு வேலை வைக்கிற மாதிரி ஏதாவது கைவேலை செய்யச் சொன்னார். வீட்டுக்கு வந்தால் மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"லீவு விட்டதும் புள்ள கிளமெண்டிக்குப் போறா, சித்தி வீட்டுக்கு. திரும்பி வருவாளான்னு என்னைக் கேக்காதீங்க."

லீவுக்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குள் எப்படியாவது அவளைப் போகவிடாமல் செய்துவிட வேண்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. சரி, கையால் ஏதாவது செய்து கொடுப்போம், மனம் இளகுவாள் என்று நினைத்தேன். தளத்தில் ஒரு தொழிலாளி பாராகார்ட் கயிற்றில் கைப்பட்டை பின்னிப் போட்டிருந்தது ஞாபகம் வந்தது.

ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் அந்தக் கயிறு கிடைத்தது. பாராசூட்டில் கட்டுகிற ரகம். அவளுக்குப் பிடித்த ஊதா நிறமும் இருந்தது.

"உள்ள ஏழு இழை தம்பி, ஒரு ஆளே தொங்கலாம்" என்றார் கடைக்காரர். "மணிக்கட்டு ஒரு இஞ்சுக்கு ஒரு அடி கயிறு வச்சுக்குங்க. ரெண்டு முனைக்கும் இந்தப் பிளாஸ்டிக் பக்கிள். ஈஸி லா."

ஈஸியாம்! நடுவில் இரண்டு இழை ஓட, ஒரு முடிச்சு இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு தடவை போட்டால் பட்டை முறுக்கிக்கொள்ளும். எனக்கு எல்லாமே முறுக்கிக்கொண்டது. எவன் கழுத்தையோ நெரிக்கிற மாதிரி ஒவ்வொரு முடிச்சையும் இழுத்தேன். நைலான் என் விரலைத்தான் அறுத்தது. இழை பிரியாமலிருக்க லைட்டரில் உருக்கிய நுனியை அவசரத்தில் கட்டைவிரலால் அமுக்கிவிட்டேன். கொதிக்கிற பிளாஸ்டிக் தோலோடு ஒட்டிக்கொண்டது. "சனியனே!" என்று லைட்டரைச் சுவரில் அடித்தேன். பட்டாசு மாதிரி வெடித்தது.

தண்ணீர் குடிக்க வந்த மகள் ஃபிரிட்ஜோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து அறைக்குள் போய்விட்டாள்.

மனைவி சில்லுகளைப் பொறுக்கினாள். "கயிறுகூட உங்களுக்குப் பயந்து சுருண்டு கெடக்கு, பாருங்க."

சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன். வேலைக்குப் போகிற ரயிலில் பின்னினேன். மெதுவாக இழுக்கக் கற்றுக்கொண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எல்லா முடிச்சையும் ஒரே மாதிரி இறுக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். எட்டாவது பட்டை நேராக வந்தது.

இனி அவளுக்குப் பின்ன வேண்டும், அதற்கு அளவு வேண்டும். ஒரு துண்டுக் கயிற்றோடு சாப்பாட்டு மேசைக்குப் போய், அவள் கையை எடுக்கக் கை நீட்டினேன். நாற்காலி தடாலென்று பின்னால் சாய, அவள் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுவரோரம் குந்தினாள்.

"ஒண்ணுமில்லடா... அளவு எடுக்கத்தான்."

மனைவி கரண்டியோடு ஓடிவந்து எங்கள் நடுவில் நின்றாள். என்னை அடிக்கத்தான் அந்தக் கரண்டி. கொஞ்ச நேரம் கழித்து மகளே அந்தத் துண்டை மணிக்கட்டில் சுற்றிப் பார்த்து, அளவுக்கு வெட்டி, மேசைமேல் என் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

மூன்று நாளில் பின்னி முடித்தேன். அவளிடம் நீட்டவில்லை, மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். போட்டுக்கொண்டாள்! கச்சிதமாக உட்கார்ந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"யாராவது புடிச்சு இழுத்தா கழண்டுடுமாப்பா?"

நான் எதைக் கண்டேன், மடையன்! "அப்பா பின்னுனதாச்சே! பத்துப் பேர் சேந்து இழுத்தாலும் கழலாது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பக்கிளை அழுத்திக் கழற்றி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். கழலாது என்பதுதான் அவளுக்குப் பயம் என்று எனக்கு உறைக்கவே நேரம் ஆனது. உறைத்தபோது அந்தக் கதவுக்கு வெளியே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சனிக்கிழமை அவள் கிளமெண்டிக்குப் போய்விட்டாள். பட்டை மேசையிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போனேன். கூட்டத்தில் இடிபட்டு, பாசிமணியும் பக்கிளும் விற்கிற ஒரு கடையைப் பிடித்தேன். இழுத்தால் தானாகக் கழன்றுவிடுகிற மாதிரி பக்கிள் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குண்ணே. பூனைக் கழுத்துப் பட்டைக்குத்தான் அதைக் கேப்பாங்க" என்றார் கடைக்காரப் பெண். "வீட்டுல பூனை வளக்குறீங்களா?"

"இல்லம்மா. என் மகளுக்கு."

"புள்ளைக்கா?" அவர் சிரித்துவிட்டார். "புள்ளையப் போய் யாருண்ணே புடிச்சு இழுக்கப் போறா?"

"நான்தான்" என்றேன்.