சூடான ரொட்டியை விற்காத கடை

சென்ற சனிக்கிழமை சான்டா கிளாராவிலிருந்து மவுன்டன் வியூவில் உள்ள ஓர் உக்ரேனிய ரொட்டிக் கடைக்குத் தனியாகப் போய்வந்தேன். சர்க்கரைக்காக அரிசியைக் குறைத்து, ரை என்ற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி சாப்பிடச் சொன்னார் டாக்டர். சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பெயரில் விற்பது சாயம் பூசிய பஞ்சு.

மகன் செந்தில் காரில் கூட்டிப்போவதாக மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நானே போகிறேன் என்றதும் பழைய கதையை எடுத்தான். போன மாதம் எதிர்த் திசைப் பேருந்தில் ஏறிவிட்டேன், உண்மைதான். நானே திரும்பியும் வந்தேனே, அதை யாரும் பேசுவதில்லை.

"ஒரு மணிக்கு வீட்டுல இருக்கோணும்ப்பா. இல்லீன்னா பஸ் கார்டைக் குடுத்துருங்க. இனிமே தனியா வேண்டாம்," என்றான். எட்டாம் வகுப்போடு நின்றாலும் கோவையில் நாற்பது வருடம் லேத் பட்டறை நடத்தியவனுக்கு இந்த நிபந்தனை.

10.40க்கு எல் கமீனோ சாலையில் 22ஆம் எண் பேருந்து. முதியோர் கட்டணம் ஒன்றேகால் டாலர். நாற்பது நிமிடப் பயணம், பிறகு பத்து நிமிட நடை. முப்பத்தொரு வருடமாக அதே இடத்தில் இருக்கும் கடை. ஒரு பக்கம் ரொட்டி அடுக்கு, மறுபக்கம் கண்ணாடிக்குப் பின்னால் பாலாடைக்கட்டி, ஊறுகாய், இறைச்சி. நான்கு மேசைகள். என் வயதே இருக்கும் ஓக்ஸானா அம்மாதான் எல்லாம்.

அடுக்கில் பன்னிரண்டு கறுப்பு ரொட்டிகள் இருந்தன. ஒன்றைக் காட்டினேன்.

"நோ. ஹாட். ஒன் தர்ட்டி," என்றார்.

"மை பஸ் ட்வெல்வ் ஓ'க்ளாக்!"

"பஸ் கோ. பிரெட் நோ கோ."

சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசினாகிவிடுமாம். வெட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். "எவ்ரிபடி சே," என்று சிரித்தார். கோபம் வந்தது. ஆனால் பட்டறையில் இரும்பு ஆறும் முன் அளக்கமாட்டேன் என்று எத்தனை பேரை உட்காரவைத்திருக்கிறேன்! உட்கார்ந்தேன்.

உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை வாங்கினேன், பதினான்கு டாலர். "வெஜிடேரியன்?" என்று கேட்டதற்கு "எஸ், பொட்டேட்டோ" என்றவர், மேலே பொரித்த பன்றிக் கொழுப்பைத் தூவிக் கொண்டுவந்தார். அவர்களுக்கு அது கறிவேப்பிலை போல. நான் எழுந்தே விட்டேன். அவர் முகம் சிவந்து, தட்டை எடுத்துப்போய், வேறு சட்டியில் வெங்காயம் வதக்கிப் புதிதாகக் கொடுத்தார். நன்றாகவே இருந்தது.

1.05க்கு செந்தில் அழைத்தான்.

"அப்பா, எங்க இருக்கறீங்க? மறுபடியும் வழி தப்பிட்டீங்களா? நான் drive பண்ணி வர்றேன்."

"கடையிலதான்டா இருக்கேன். ரொட்டி ஆறட்டும்."

அவன் நம்பவில்லை. ஓக்ஸானா அம்மா என் போனை வாங்கினார். "யுவர் ஃபாதர் நாட் லாஸ்ட். பிரெட் நாட் ரெடி. யூ ஆல்சோ வெயிட்!"

போனைத் திருப்பித் தந்தவர் கல்லாப்பெட்டிமேல் இருந்த தன் போனைக் காட்டினார். போர் நடக்கும் உக்ரேனில், கார்கிவ் நகரில் இருக்கும் தம்பி தினமும் காலையில் அழைப்பாராம். இரண்டு நாளாக அழைக்கவில்லை. "சன் கால்ஸ். குட்," என்று மட்டும் சொல்லிவிட்டு மாவு பிசையப் போனார்.

1.30க்கு ரொட்டியை இரண்டு கைகளாலும் கொடுத்தார். ஒன்பது டாலர். பேருந்தில் ஏறியதும், அவன் கேட்காமலே, நானாகச் செந்திலை அழைத்து ஏறிவிட்டேன் என்று சொன்னேன்.

போகிறவர்களுக்கு: ஞாயிறும் திங்களும் விடுமுறை. ரை ரொட்டிக்கு ஒன்றரைக்குமேல் போங்கள், வாதாடிப் பயனில்லை. சைவர்கள் "மேலே கொழுப்பு வேண்டாம்" என்று தனியாகச் சொல்லவேண்டும். அவர் தம்பி அழைத்தாரா என்றும் கேளுங்கள். வரும் சனிக்கிழமை நானும் கேட்கப்போகிறேன்.

2.35க்கு இறங்கியபோது செந்தில் நிறுத்தத்திலேயே நின்றிருந்தான். ரொட்டிப் பையை வாங்கக் கை நீட்டினான், கொடுத்தேன். கார்டைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்கமாட்டேன்.