மானேஜருக்கு ஒரு வீடு

அந்த நாய்க்கு மானேஜர் என்று பெயர் வைத்தவர் எக்ஸ்ரே எடுக்கிறவர். இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது. ஆனால் அந்தக் கால்நடை மருத்துவமனையில் யார் என்ன வேலை செய்தாலும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். லாரி இடித்து முதுகெலும்பு போயிருந்தது. பின்னங்கால்கள் பேருக்குத்தான் இருந்தன. மூத்திரமும் தானாக வராது. அடிவயிற்றில் இரண்டு பக்கமும் கை வைத்து, பை எங்கே இருக்கிறது என்று தடவிப் பிடித்து, பதமாக அழுத்தி எடுக்க வேண்டும். காலை, மதியம், ராத்திரி. விட்டுவிட்டால் உடம்பெல்லாம் விஷமாகிவிடும்.

அதைச் செய்துகொண்டிருந்தவள் அக்கா. கூண்டு கழுவுவது, மருந்து புகட்டுவது, கடிக்க வருகிறதைப் பிடித்துக்கொள்வது என்று அங்கே எதற்கும் அக்காதான். டாக்டரம்மாவுக்கும் அக்கா, அவளைவிட மூத்தவரான எக்ஸ்ரேக்காரருக்கும் அக்கா. கல்யாணம் ஆகவில்லை. அப்பா படுத்த படுக்கையாகப் பல வருஷம் கிடந்து, இந்த வருஷம்தான் போய்ச் சேர்ந்தார். குழாய் மாற்றுவது, பையைக் காலி செய்வது, புண் வராமல் புரட்டிப் போடுவது எல்லாம் அவள் ஒருத்திதான். எல்லாருக்கும் தெரிந்த கதை. வினையே அங்கேதான் இருந்தது.

மருத்துவமனை சின்ன கட்டடத்துக்கு மாறப்போகிறது. புது இடத்தில் நாயை வைத்துக்கொள்ள அறை கிடையாது.

"மாசக் கடைசிக்குள்ள யாராவது கிடைக்கிறாங்களான்னு பாருங்க அக்கா. இல்லேன்னா ஊசி போட்டுடறதுதான் அதுக்கு நல்லது" என்றார் டாக்டரம்மா. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இல்லேன்னா நீங்களே..." என்று இழுத்தார்.

மீதியை எக்ஸ்ரேக்காரர் முடித்துவைத்தார். "பழகின கை. அப்பாவையே பார்த்தவங்களுக்கு ஒரு நாய் எம்மாத்திரம்?"

அக்கா சிரித்தாள். கோபம் வர வேண்டிய இடம் என்று தெரிந்தது, வரவில்லை. அப்பா போனதிலிருந்தே அப்படித்தான். கரண்ட் போன வீட்டில் சுவிட்சைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, எதைத் தொட்டாலும் உள்ளே ஒன்றும் எரியவில்லை. மானேஜர் சாகக்கூடாது என்று தெரிந்தது. இனி ஒரு உடம்பைத் தூக்கிப் புரட்டத் தன்னால் ஆகாது என்றும் தெரிந்தது. இரண்டும் தெரிந்தன, எதுவும் உறைக்கவில்லை.

ஆள் தேடினாள். வராமல் இல்லை, வந்தார்கள். சக்கரவண்டி கட்டிய நாய் என்றால் வீடியோவுக்கு நன்றாக இருக்கும் என்று ஒரு இளம் ஜோடி வந்தது. மூத்திர விஷயத்தைச் சொன்னதும் அவர்களுக்குத் திடீரென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. கிடங்குக்காரர் ஒருவர், "குரைக்குமா?" என்று மட்டும் கேட்டார். ஒரு டீச்சர் வந்து மானேஜரைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விட்டார். "ஐயோ, இதை நான் கண்ணுல வச்சுப் பாத்துக்குவேன்!" என்றார்.

"வீட்டுல வேற யாரு இருக்காங்க டீச்சர்?"

"நான் ஒருத்திதான். அதான் நல்லது, எந்தத் தொந்தரவும் இல்லை."

அக்கா முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். டாக்டரம்மாவுக்குக் கோபம். "நல்ல மனசுள்ளவங்களைப் போய் வேண்டாங்கறீங்களே?" நல்ல மனசு எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அக்காவுக்குத் தெரியும், அதை விளக்கத்தான் தெம்பில்லை.

டாக்டரம்மாவின் ஸ்கூட்டரைப் பழுது பார்த்துக் கொண்டுவந்த மெக்கானிக் ஒருநாள் மானேஜர் எதிரில் குந்தினார். பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "எங்க அழுத்தறீங்க? தப்பா அழுத்தினா என்ன ஆகும்?" என்று கேட்டார். அக்கா காட்டினாள். "பிரேக்ல காத்து எடுக்கிற மாதிரிதான். அவசரப்பட்டா கெட்டுது" என்றவர், சாயங்காலம் மனைவியோடு வந்துவிட்டார். அவர் பட்டறையிலேயே ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிறவள் அந்த அம்மா. பட்டறைக்கு மேலேதான் வீடு.

முதலில் மெக்கானிக் முயன்றார். ஒன்றும் வரவில்லை. கையைக் கொஞ்சம் கீழே இறக்கினார். வந்தது, அவர் பேன்ட் மேலேயே வந்தது. "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று லாட்டரி விழுந்தவர் போலக் கத்தினார். மானேஜர் வழக்கம்போல மேற்பார்வை பார்த்தது.

"காலைல உங்க முறை. அந்த நேரத்துல நான் அடுப்படியில இருப்பேன்" என்றாள் மனைவி.

"மதியம்?"

"மதியம் நான். ராத்திரி ஒருநாள் நீங்க, ஒருநாள் நான். பாத்திரம் கழுவறதுல ஏமாத்தற மாதிரி இதுல ஏமாத்தினா தெரியும் சேதி."

"நான் எப்ப ஏமாத்தினேன்?"

"எப்ப ஏமாத்தல?"

துண்டை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது. முறை என்ற பேச்சே அவள் வீட்டில் எழுந்ததில்லை. அண்ணன் வெளியூரில் இருந்தான். வாரம் தவறாமல் போன் செய்வான், "நீ இருக்கிறதால எனக்கு நிம்மதி" என்பான். அதைப் பாராட்டு என்று அவளும் இத்தனை காலம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க தனியாவே அப்பாவைப் பார்த்தீங்களாமே" என்று கேட்டாள் மெக்கானிக்கின் மனைவி. "அலுப்பா இருக்காதா?"

பெத்தவருக்குச் செய்வதில் என்ன அலுப்பு என்பதுதான் அக்கா எல்லாருக்கும் சொல்கிற பதில். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அலுத்துப் போச்சும்மா" என்றாள். "அவர் போனப்ப எனக்கு அழுகை வரல. தூக்கம்தான் வந்துச்சு. வந்தவங்க எல்லாம் கூடத்துல உக்காந்திருக்க, நான் போய்ப் படுத்துத் தூங்கிட்டேன்."

மெக்கானிக் ஈரப் பேன்ட்டைப் பிழிந்துகொண்டே, "பின்ன, தூங்காம?" என்றார்.

மானேஜரை அவர்கள் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். அது திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவர் கியர் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்காவுக்கு நிம்மதி என்றுகூடச் சொல்ல முடியாது. கை காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அண்ணனின் போன். நாய் போன சேதியைச் சொன்னாள்.

"ஏன் குடுத்தே? நீயே வச்சிருந்திருக்கலாமே. உனக்கும் துணையா இருந்திருக்கும். உனக்கு இதெல்லாம் கஷ்டமே இல்லையே?"

"அவங்க வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்கண்ணா."

"அதனால?"

"அப்பாவுக்கும் நாம ரெண்டு பேர் இருந்தோம்."

அண்ணன், "லைன் சரியில்லை போலிருக்கு, நீ சொன்னது கேக்கல" என்றான்.

அவள் மறுபடியும் சொன்னாள்.