ஒன்றரை நாள் மௌனம்

குக்கரில் விசில் எழுவதற்குச் சற்று முன்னால் ஒரு மெல்லிய சீறல் வரும், ஊசித் துளையில் காற்று நுழைகிற மாதிரி. அதைக் கேட்டால் கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவேன். அடுத்த நொடி நான் சமையலறையில் இல்லை. கொல்லிமலையில், பனி மூடிய ஒரு பஸ் நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

ஏழெட்டு வருடம் இருக்கும். ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு வாரம். மலைமேல் தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் தோழி ஒருத்தியின் வீடு சும்மா கிடந்தது. மூன்று நாள் மௌனம் இருக்கலாம் என்று தனியாகப் போனேன். ஓயாமல் பேசுகிறவள் நான். பேசாத நேரத்தில் எழுதுகிறவள், எழுதாத நேரத்தில் யாரிடம் என்ன பேசலாம் என்று யோசிக்கிறவள். யோகா வகுப்பில் ஆசிரியர் ஒருமுறை காஷ்ட மௌனம் என்று ஒன்றைச் சொல்லியிருந்தார். கட்டையைப் போல இருப்பது. வாய் மட்டும் மூடினால் போதாது. தலை ஆடக் கூடாது, கை ஜாடை காட்டக் கூடாது. கேட்டதிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு பேராசை.

உபநிடதக் கதை ஒன்றும் அந்த ஆசைக்குத் துணை நின்றது. உடம்புக்குள் யார் பெரியவர் என்று பேச்சு, கண், காது, மனம், மூச்சு எல்லாம் சண்டை போடும். ஒவ்வொன்றாக ஒரு வருடம் வெளியே போய்ப் பார்க்கும். பேச்சு போனது, உடம்பு ஊமையாக வாழ்ந்தது. கண் போனது, குருடாக வாழ்ந்தது. மூச்சு கிளம்பப் பார்த்தபோதுதான் மற்றவையெல்லாம் வேரோடு ஆடிப்போயின. பேச்சு இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது என்று அந்தக் கதையை என் வசதிக்குப் படித்து வைத்திருந்தேன்.

போன அன்று மாலையே தொடங்கி, மறுநாள் முழுக்கத் தேறிவிட்டேன். அதற்கடுத்த நாள் காலை, சாலைத் திருப்பத்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகள் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தன. செம்மேட்டுக்குப் போகும் காலை பஸ் பனிக்குள்ளிருந்து மஞ்சள் விளக்கோடு வந்தது. நான் கை காட்டாததால் நிற்காமல் போனது. அடுத்தது மதியம்தான். நான் மூச்சை எண்ண ஆரம்பித்தேன்.

ஐம்பது எண்ணியிருப்பேன். கேழ்வரகுக் காட்டுப் பக்கமிருந்து யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். முப்பது வயதிருக்கும் ஒரு பெண். இடுப்பில் ஆறு வயது மகள்.

"ஏனுங்க, பஸ்ஸு போயிருச்சுங்களா?"

ஒரு தலையசைப்பு போதும். ஆனால் ஒன்றரை நாளாகக் கட்டையாக இருந்தவள், இதற்காகவா அதை முறிப்பது? கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நினைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தாள். "இவங்களே இங்க இருக்கறாங்க. பஸ்ஸு வந்திருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாய் திறக்காமலே பொய் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

சிறுமி இருமினாள். விடாமல் இருமினாள்.

"சாமியம்மா தியானத்துல இருக்கறாங்க கண்ணு. இருமாத. கொஞ்சம் அடக்கிக்கோ."

இருமல் நின்றது. நல்ல பிள்ளை என்று நினைத்து எண்ணிக்கையைத் தொடர்ந்தேன். பதினொன்று, பன்னிரண்டு. அப்போதுதான் என் மூச்சுக்கு நடுவே இன்னொரு மூச்சு கேட்டது. ஊசித் துளையில் நுழையும் காற்று. கண்ணைத் திறந்தால், அந்தக் குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தொண்டைக்குழி உள்ளே இழுத்து இழுத்துப் போகிறது.

"பஸ் போயிடுச்சு" என்றேன். குரல் துருப்பிடித்த கீல் மாதிரி வந்தது.

அவள் திடுக்கிட்டாள். "எப்பங்க?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே."

அவள் முகத்தில் கோபம் வந்திருந்தால் தேவலை. புரியாமல்தான் பார்த்தாள். "நேத்து இருந்தே இளைப்புங்க. கசாயம் குடுத்தும் கேக்கல. அதான் செம்மேட்டு ஆஸ்பத்திரிக்கு..."

என் போன் வீட்டில், அணைத்து வைத்தபடி. பனிக்குள் ஒரு லாரி உறுமுவது கேட்டதும் நடுரோட்டில் போய் நின்று கையை ஆட்டிக் கத்தினேன். என் வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை.

மரவள்ளிக் கிழங்கு லாரி. டிரைவர் தலையை நீட்டினார். "ஏனம்மணி, கெழங்கு லாரியில அடிபட்டுத்தான் போயிச் சேரோணும்னு வேண்டுதலுங்களா?" குழந்தையைப் பார்த்ததும் குரல் மாறியது. "ஏறுங்க, ஏறுங்க. பேசிட்டு நிக்காதீங்க."

உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்ததும் எனக்குத் தெரிந்த பிராணாயாமத்தை எடுத்துவிட்டேன். "மூக்கால இழு, நாலு எண்ணு, வாயால மெதுவா விடு." குழந்தை மிரண்டு இன்னும் வேகமாக வாங்கியது.

"உடுங்க" என்றாள் தாய். மகளை நிமிர்த்தி, அவள் முதுகைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். எண்ணவில்லை, எதுவும் சொல்லவில்லை. தான் மட்டும் நீளமாக மூச்சு விட்டாள். மறுபடி நீளமாக. சில வளைவுகள் தாண்டியதும் அந்தச் சின்ன முதுகு, பின்னால் ஏறி இறங்கும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது. சீறல் நிற்கவில்லை. பயம் நின்றது. யோகம் என்றால் சேர்தல் என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். கண்ணால் கண்டது அந்த ஒருமுறைதான், ஈர மண் வாசம் அடித்த லாரியில்.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தபடியே நர்ஸ் தாயைக் கடிந்துகொண்டார், இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய் என்று. அவள் பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். பஸ் போனதைப் பார்த்தும் சொல்லாமல் இருந்தது நான்தான் என்றேன்.

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

தாய் களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அந்த உபநிடதக் கதைக்கு ஒரு முடிவு உண்டு. தோற்றுப்போன பேச்சு மூச்சின் முன் வந்து, என் சிறப்பெல்லாம் உன்னுடையதுதான் என்று வணங்கி நிற்கும். அதை நான் வேகமாகப் படித்துத் தாண்டியிருந்தேன். இன்றும் தினம் காலையில் கண்ணை மூடி உட்காருகிறேன். கதவை மட்டும் சாத்துவதில்லை. அந்தத் திருப்பமும் மிளகுக் கொடியின் ஈரமும் நினைவில் வந்து ஏங்க வைக்கும்போதெல்லாம், என் மூச்சு எத்தனை என்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் யாருடையது திணறுகிறது என்று காது போய்விடுகிறது.

அன்று குழந்தையின் மூச்சு தணிந்ததும், மதிய பஸ்ஸில் மூவரும் ஒன்றாகத் திரும்பி, அதே நிறுத்தத்தில் இறங்கினோம். "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு அவள் காட்டுப் பாதையில் திரும்பினாள். அவள் தோளுக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டு போன சிறுமி, சட்டென்று ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரல்களை லேசாக விலக்கிக் கேட்டாள்.

"ஏனுங்க, இப்ப இருமலாங்களா?"

"இருமு கண்ணு."