சரோஜா டீச்சருக்கு வலிக்கவே இல்லை

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை. மொரப்பூர் நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது சரோஜா டீச்சரின் கணவர் அழைத்தார். "சரோஜா போயிட்டாம்மா. வேர்க்குதுன்னு ஃபேனடியில உக்காந்தா. அவ்ளோதான்." நெஞ்சு வலித்ததா என்று கேட்டேன். "அப்படி ஒரு வார்த்தையும் சொல்லலம்மா" என்றார். மார்கழிக் குளிர் இன்னும் விலகாத காலையில் வேர்வை.

நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம், பரீட்சை ஹாலையே ஒரு பார்வையில் அடக்கும் கணக்கு டீச்சரைத்தான் தெரியும். தினமும் அவரோடு ஒரே ரயிலில் வந்துபோன நான் அவருடைய பயந்த முகத்தையும் பார்த்தவள்.

போன சித்திரையில் நாங்கள் சிலர் தீர்த்தமலைக் கோயிலுக்கு வெறுங்காலோடு ஏறினோம். பாதி வழியில் டீச்சர் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை இறங்கியிருக்கும் என்று மிட்டாய் கொடுத்தோம். கீழே வந்த பிறகுதான் கவனித்தேன், பாறைச் சூட்டில் அவர் பாதம் கொப்பளித்திருந்தது. "சுடலையா டீச்சர்?" என்றேன். "எங்கீங்க சுட்டுது? ஒண்ணுமே தெரியலையே!" என்று சிரித்தார்.

அந்தப் புண்ணுக்காகத் தருமபுரியில் ஒரு மருத்துவரிடம் போனோம். மூச்சு வாங்கியதைச் சொன்னதும் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். "உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்து போயிருக்கும்மா."

"எனக்கா? நெஞ்சு வலிக்கவே இல்லீங்களே சார்."

"ரொம்ப வருஷமா சுகர் இருக்குதில்லீங்களா? அது ரத்தக் குழாயையும் கெடுக்கும், நரம்பையும் மரத்துப்போக வைக்கும். கால்ல சூடு தெரியாத மாதிரி, நெஞ்சுல வலியும் தெரியாம போயிடும்."

டீச்சர் என் கையைப் பிடித்தார். அவர் கை ஈரமாகச் சில்லிட்டிருந்தது. எனக்கும் சர்க்கரை உண்டு. யார் யாரைத் தேற்றுவது?

பிறகு மாத்திரை தவறவில்லை, நடை தவறவில்லை. ஆனாலும் பாடம் நடத்தும்போதே சாக்கட்டியோடு நின்று, உள்ளே எதையோ கேட்பவர்போல இருப்பார். "வலி வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். வலிக்காம வர்றதுக்கு எப்படிங்க காவல் நிக்கறது?" என்று ரயிலில் ஒருநாள் கேட்டார். இரவில் நானும் என் நெஞ்சைக் கவனித்துக்கொண்டு படுத்திருக்கத் தொடங்கினேன்.

காரியம் முடிந்த மறுவாரம், துணி உலர்த்தும்போது எனக்குக் குப்பென்று வேர்த்தது. தாடை இறுகியது. வலி இல்லை. "அலுப்பா இருக்கும், கொஞ்சம் படுங்க அத்தை" என்றாள் மருமகள். "வண்டிய எடு" என்றேன். போகிற வழியெல்லாம் அவள் தோளை விடவில்லை. ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் நன்றாகவே இருந்தன. "வீணா அலைஞ்சிட்டோம் பாருங்க" என்றாள் அவள்.

இன்னொரு முறை வேர்த்தாலும் வீணாக அலைவேன். டீச்சரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவருடைய பயம். தைரியம் சொல்லி யாரும் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டாம்.