அந்தோணியின் காருக்குப் புது ஃபில்டர்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அந்தோணி என் வீட்டுக்கு வந்தார். நடந்து வந்தார்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? வில்லியனூரில் அந்தோணி நடந்து போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ஆளுக்கு முன்னால் அவருடைய கார் சத்தம் வந்துவிடும். கடுகு நிறத்தில் ஒரு சின்னக் கார்... வாடகைக்கு ஓட்டினார். பிரசவம், பாம்புக்கடி, பெண் பார்ப்பது — சுற்றுப்பட்டு ஊர்களில் எதற்கும் அந்தோணிதான். நிலம் நீச்சு கிடையாது. அவர், மனைவி லூர்து மேரி, மூன்று பிள்ளைகள் — ஐந்து வயிறும் அந்த ஒரு இன்ஜினை நம்பித்தான்.

"வித்துட்டேன் சார். தவளக்குப்பத்துல ஒரு ஆளு. பிரிச்சி பார்ட் பார்ட்டா விப்பானாம்."

காபி கொடுத்தேன். குடித்தார். சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

எல்லாம் ஒரு ஏர் ஃபில்டரில் ஆரம்பித்தது.

கார் இல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜினும் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றில் இருக்கும் தூசியைத் தடுப்பதற்கு ஒரு தகர டப்பா, அதற்குள் மடிப்பு மடிப்பாகக் காகிதம். அதுதான் ஏர் ஃபில்டர். அடைத்துக்கொண்டால் தட்டிப் போட வேண்டும். ரொம்ப அடைத்தால் மாற்ற வேண்டும்.

மற்ற கார்களுக்கு அது நாள்பட உழைக்கும். அந்தோணி காருக்கு ஒரு அறுவடை தாங்காது.

பங்குனியில் பாகூர் ரோட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா? உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டிலேயே பரப்பியிருப்பார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப் போக, காய் வெடித்து உளுந்து உதிரும். களம் வேண்டாம், மாடு வேண்டாம். மற்ற டிரைவர்கள் வாய்க்குள் திட்டிக்கொண்டே ஒரு தடவை ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தோணியை மட்டும் கைகாட்டி நிறுத்துவார்கள்.

"அண்ணே, இன்னும் ரெண்டு வாட்டி போயிட்டு வாண்ணே."

போவார். ரிவர்ஸில் வருவார். மறுபடி போவார். கார் தெரியாத அளவுக்குத் தூசி எழும்பும்.

"ஏன் அந்தோணி, முடியாதுன்னு சொல்லக்கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எப்பிடி சார் சொல்றது? நம்ம சவாரிக்காரனுங்கதானே..."

விளைவு? ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் கார் கறுப்புப் புகை கக்க ஆரம்பித்தது. போன வருஷம் ஒரு நாள், பிரசவ வலியில் துடித்த பெண்ணை வைத்துக்கொண்டு ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்தோணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயத்தில் பாண்டிக்குப் போனவர், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு புது மாதிரி ஃபில்டரை வாங்கி வந்தார். காருடன் வந்தது அல்ல, வேறு யாரோ செய்தது. காகிதமே கிடையாது. கம்பி வலை, பளபளவென்று ஒரு மூடி. பெட்ரோலில் அலசி மாட்டினால் ஆயுசுக்கும் போதும் என்று கடைக்காரர் சொன்னாராம். ரேஸ் காருக்கெல்லாம் இதைத்தான் போடுகிறார்களாம்.

போடலாமா, வேண்டாமா? இதே பேச்சாக இருந்தது அவர் வீட்டில். ஊர் மெக்கானிக்கிடம் கேட்டோம்.

"போட்டா நல்லா இழுக்கும். ஆனா தூசி ரோட்டுல வுடக்கூடாது. இனிமே உளுந்து மேல ஏத்தலன்னா போடு. ஏத்துவன்னா வேணாம்."

லூர்து மேரி அந்த வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சல்லடைக் கண்ணு பெருசா இருந்தா மாவு சீக்கிரம் எறங்கும். அரைபடாத கப்பியும்தானே சேர்ந்து எறங்கும்?"

"காருல இன்னா கொழுக்கட்டையா செய்யப் போறோம்?" என்றார் அந்தோணி. எல்லோரும் சிரித்தோம். லூர்து மேரியும் சிரித்தார்.

"இனிமே ஏத்த மாட்டேம்பா. சொல்லிடுறேன் எல்லார்கிட்டயும்," என்று மெக்கானிக்குக்கு வாக்குக் கொடுத்து ஃபில்டரை மாட்டிக்கொண்டார்.

கார் உறுமியது. பாலத்து ஏற்றத்தில் பஸ்ஸையே முந்தியது. அந்தோணி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

மறுநாள் பாகூர் ரோட்டில் கன்னியப்பன் கைகாட்டினார். உளுந்து போட்டிருந்தார். அன்று பாலத்தில் நின்ற காரில் வலியோடு இருந்தது அவருடைய மகள்தான். பேரப் பிள்ளைக்குத் தாத்தாவாகிவிட்ட சந்தோஷம் அவருக்கு.

"அண்ணே, ஒரு ரெண்டு வாட்டி..."

அந்தோணி என்ன செய்திருப்பார்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். அந்தப் பங்குனி முழுக்க ரிவர்ஸும் ஃபார்வர்டுமாக ஓட்டினார். புது ஃபில்டர் அடைக்கவே இல்லை. எப்படி அடைக்கும்? வந்த தூசியை எல்லாம் மரியாதையாக உள்ளே அனுப்பிவிட்டதே.

ஆடி மாதம் நீலப் புகை வந்தது. ஊற்றுகிற ஆயிலை எல்லாம் இன்ஜின் குடித்தது. திறந்து பார்த்த மெக்கானிக் தலையை ஆட்டினார். சிலிண்டர், ரிங் எல்லாம் அம்மியில் வைத்து அரைத்த மாதிரி தேய்ந்து போயிருந்தன. அதைச் சரிசெய்ய அந்தோணிக்கு வழியில்லை. எட்டு மாதம் இழுத்துக்கோ பறித்துக்கோ என்று ஓட்டினார். சவாரி குறைந்தது. கடைசியில் தவளக்குப்பம்.

எனக்கு அந்த ஃபில்டர் மேல் கோபம் வரவில்லை. ஃபில்டருக்கு இருக்கிற ஒரே வேலை 'நீ வராதே' என்று சொல்வது. அதைச் சொல்லத் தெரியாத ஃபில்டரை, அதைச் சொல்லத் தெரியாத மனுஷர் வாங்கி மாட்டினார். நல்லவர் என்று பெயர் எடுப்பதற்கு இந்த ஊரில் என்னென்ன தேய வேண்டியிருக்கிறது...

காபி குடித்து முடித்தவர் பாகூரில் ஏதோ வேலை என்றார்; பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். பாகூர் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்திலேயே கன்னியப்பன். இந்த வருஷமும் உளுந்து.

"இன்னாண்ணே நடந்து வர? காரு எங்க? வெயிலு நல்லா காயுது, ஒரு ரெண்டு வாட்டி போயிட்டு வந்தீன்னா..."

நான் அந்தோணியின் முகத்தைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். இல்லாத காரை இல்லை என்று சொல்வதில் என்ன கஷ்டம்?

"ஒர்க்‌ஷாப்புல நிக்குதுப்பா," என்றார் அந்தோணி. "நாளைக்கு எடுத்தாறேன்."

கன்னியப்பன் சந்தோஷமாக இன்னொரு உளுந்துக் கட்டைப் பிரித்து, கார் அகலத்துக்குப் பரப்ப ஆரம்பித்தார்.